தட்டில் ஒன்றும் இல்லை

ரோஸிக் கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து போன பிறகு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, நெஜமாவே எனக்கு அன்னிக்கு என்னத்த எடுத்தாங்க?" நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். ஒன்றும் எடுக்கவில்லை என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும்தான் சொன்னேனே, பிறகும் எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குக் கோபம். பதில் தெரிந்தும் வாய் வராதபோது எனக்குக் கோபம்தான் வரும். வாழ்நாளெல்லாம் மைதானத்தில் விசில் ஊதிய டிரில் மாஸ்டருக்கு வேறு என்ன வரும்? திங்கட்கிழமை காலை வண்டியில் நீ செங்கல்பட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டதில் தப்பே இல்லை. பெண்ணுக்கு வயிற்றில் சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். "என்ன ஆபரேஷன்ங்க அது? என்னத்த எடுத்தாங்க? நாளைக்குக் கொழந்த குட்டின்னு வரும்போது ஒண்ணும் ஆகாதில்ல?" என்றார். மண்ணீரல் கிழிந்திருந்தது, தைத்தார்கள், எதையும் எடுக்கவில்லை என்றேன். அவர் தன் மகளைப் பார்த்தார், மகள் கையிலிருந்த முறுக்கைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து உன் அம்மா சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. உன் தழும்பை நினைத்து அவள் வெட்கப்பட்டுப் போய்விட்டதாக நீ நினைத்தாய். உன் முகம் சுருங்கியதை நான் கவனிக்காமல் இல்லை. மற்றதை விடு, அதை மட்டுமாவது நான் திருத்தியே ஆகவேண்டும். அதற்கு உன் அண்ணனிடமிருந்து தொடங்கவேண்டும்.

சேவியர் ஜுரத்தில் செத்தான் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அது பொய் இல்லை, ஆனால் கதையின் கடைசிப் பாதி மட்டும்தான். அவனுக்கு ஒன்பது வயது, உனக்கு ஐந்து. என் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் சானடோரியம் பக்கத்து மலை இறக்கத்தில் விட்டிருக்கிறான். கல் தடுக்கி சைக்கிள் திரும்பியது, ஹேண்டில்பார் முனை அவன் வயிற்றில் குத்தியது. அந்த முனையில் ரப்பர் பிடி எப்போதோ கழன்று போய்விட்டது, வெறும் இரும்புக் குழாய். வீட்டுக்கு வந்தான். வெளியே ரத்தம் இல்லை, கீறல் இல்லை. இடது விலாவுக்குக் கீழே நாலணா காசு அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். சைக்கிளுக்கு என்ன ஆயிற்று என்றுதான் நான் முதலில் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, தோள் வலிக்குது" என்றான். இடது தோள். விழுந்ததில் பிசகியிருக்கும் என்று தைலம் தேய்த்துவிட்டேன். ஸ்கூலில் எத்தனை தோள்களுக்குத் தேய்த்தவன் நான். அடி பட்டது வயிற்றில், வலி ஏன் தோளில் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் உதடு வெளுத்து, நெற்றி சில்லிட்டு, என் மடியிலேயே சாய்ந்தான். பங்குச் சாமியார் தன் காரைக் கொடுத்தார். பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மண்ணீரல் உடைந்து வயிறு முழுக்க ரத்தம் என்றார்கள். உள்ளே ரத்தம் கசிந்து மேலே முட்டினால் வலி இடது தோளில் தெரியுமாம். அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அப்போதெல்லாம் ஒரு வழக்கம் இருந்தது. ஆபரேஷன் செய்து எதை எடுத்தாலும் அதை ஒரு எனாமல் தட்டில் வைத்துக் கொண்டுவந்து வீட்டு ஆட்களுக்குக் காட்டுவார்கள். காட்டினால்தான் நமக்கும் திருப்தி. பெரிய டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, தட்டின் மேலிருந்த துணியை விலக்கினார். கறுஞ்சிவப்பாக, என் கைமுட்டி அளவுக்கு, நடுவில் பிளந்து கிடந்தது. "இதுதான் சார். எடுத்தாச்சு. இது இல்லாமலே மனுஷன் நூறு வருஷம் இருக்கலாம்" என்றார். நல்ல மனிதர், நல்ல கைராசிக்காரர். அன்று உலகத்தில் எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், எல்லாப் புத்தகத்திலும் அதுதான் இருந்தது. உன் அம்மா அந்தத் தட்டைப் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் நன்றாகப் பார்த்தேன். பார்த்ததோடு விட்டேனா? தெருவில் ஒவ்வொருவரிடமும் முட்டியை மடக்கிக் காட்டி, "இத்தாம்பெரிசு, ரெண்டா பொளந்து கெடந்துச்சு" என்று அளந்தேன். கெட்டது வெளியே வந்துவிட்டது, கண்ணால் பார்த்தாயிற்று, இனி என்ன? அடுத்த வருஷம் ஸ்போர்ட்ஸில் அவன் நூறு மீட்டரில் இரண்டாவதாக வந்தான். ஸ்டாப்வாட்ச் என் கையில்தான் இருந்தது.

அவனுக்குப் பதினொரு வயது, மழைக்காலம். காலையில் எழுந்து குளிருகிறது என்றான். பல் தேய்த்தான், அரை டம்ளர் காபி குடித்தான், வாந்தி எடுத்தான். ஸ்டேஷன் பக்கத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது தழும்பு தெரிந்தது. என்ன இது என்று கேட்டார். "அது பழசு சார். எடுத்தாச்சு, முடிஞ்சு போச்சு" என்றேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு, ஃப்ளூதான், ஊரெல்லாம் இருக்கிறது என்று ஊசி போட்டு மிக்ஸ்சர் கொடுத்தார். நான் விவரமாகச் சொல்லியிருந்தாலும் அவருக்கு அதிலிருந்து ஒன்றும் புரிந்திருக்காது. மத்தியானத்துக்குள் பையன் கை கால் ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. தொடையில் ஊதா ஊதாவாகப் புள்ளிகள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, "அம்மா, லைட்டு போடச் சொல்லு" என்றான். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. சாயந்திரம் கோயில் மணி அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கர்த்தருடைய சித்தம் என்று சாமியார் சொன்னார், நானும் அப்படியே நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்வது? ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை ஒரே பகலில் போவதற்கு எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

இனி உன் கதை. உனக்குப் பதினாலு வயது. ஸ்கூல் விட்டு வரும்போது ராஜகீழ்ப்பாக்கம் திருப்பத்தில், லாரிக்கு ஒதுங்கப்போய் உங்கள் ரிக்ஷா பள்ளத்தில் கவிழ்ந்தது. மற்றப் பிள்ளைகளுக்குச் சிராய்ப்பு. உன் மேல் வண்டியின் இரும்புச் சட்டம் விழுந்தது. ரிக்ஷாக்காரர் வண்டியை நிமிர்த்தி ஓட்டிவந்து, உன்னைக் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்து, பயத்தில் கும்பிட்டுக்கொண்டே நின்றார். "சார், பாப்பாவுக்கு ஒண்ணியும் ஆவல சார். தோ, நடந்துகினுதான் வருது. தோளுதான் லேசா நோவுதாம்."

எந்தத் தோள் என்று கேட்டேன். நீ வலது கையைத் தூக்கி இடது தோளைத் தொட்டாய்.

அந்த ஒரு நொடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உன்னை அப்படியே வாரிக்கொண்டு அதே ரிக்ஷாவில் ஏறினேன். உன் அம்மா வெறுங்காலோடு பின்னால் ஓடிவந்தாள். என்ன ஆயிற்று என்று அவளும் கேட்கவில்லை. நீ தோளைத் தொட்டதை அவளும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் புதிதாக ஒரு இளைய டாக்டர் வந்திருந்தார், மெலிந்த ஆள், பேச்சு குறைவு. உன் வயிற்றில் ஒரு ஊசியை இறக்கி இழுத்தார். ஊசிக்குழல் நிறைய ரத்தம் வந்தது. வராந்தாவில் எங்களைக் கூப்பிட்டு, "மண்ணீரல்தான்" என்றார். நான் அவரை முடிக்கவே விடவில்லை. "தெரியும் சார், எடுத்துடுங்க. என் பையனுக்கும் இதேதான், எடுத்தாங்க" என்றேன்.

"பையன் இப்ப நல்லா இருக்கானா?"

"இல்ல சார். அது வேற. ரெண்டு வருஷம் கழிச்சு ஜுரத்துல போயிட்டான்."

"எப்படி ஜுரம்?"

உன் அம்மா பதில் சொன்னாள். "காலைல குளிருதுன்னான். சாயந்திரம் மணி அடிக்கறதுக்குள்ள போயிட்டான். ஒடம்பெல்லாம் ஊதாப் புள்ளி."

டாக்டர் உன் அம்மா பக்கம் திரும்பினார். அவர் சும்மா இருந்திருக்கலாம், எங்களுக்கு எதுவும் தெரியாமலே போயிருக்கும். பிறகு மெதுவாகச் சொன்னார். "அது வேற இல்ல சார்."

மண்ணீரல் ரத்தத்தை வடிகட்டுகிற இடமாம். சில கிருமிகளை அதுதான் பிடிக்குமாம். சின்னப் பிள்ளைகளுக்கு அதை எடுத்துவிட்டால், என்றாவது ஒருநாள் அந்தக் கிருமி ரத்தத்தில் புகுந்தால் ஒரே பகலில் ஆளை முடித்துவிடுமாம். "எல்லாருக்கும் வராது. வந்தா தப்பறது கஷ்டம். இது எங்களுக்கே இப்பத்தான் புரிய ஆரம்பிச்சிருக்கு. இன்னும் நம்பாத டாக்டருங்களும் இருக்காங்க" என்றார். புதைத்துச் சிலுவை நட்டு அத்தனை வருஷம் ஆன பிள்ளை, அந்த வராந்தாவில் என் கண் முன்னால் மறுபடியும் செத்தான். ஆனால் உட்கார்ந்து அழ நேரம் கொடுத்தாரா? "எடுக்கறது சுலபம் சார். ரத்தக்குழாய் போற காம்பைக் கட்டி வெட்டிடலாம், இன்னிக்கு உயிருக்கு பயம் கம்மி. இன்னொண்ணு, கிழிஞ்ச எடத்தத் தைச்சு உள்ளயே விடறது. காம்புகிட்ட கிழிஞ்சிருந்தா தைக்க முடியாது, எடுத்துத்தான் ஆகணும். ஓரத்துல கிழிஞ்சிருந்தா தைக்கலாம். ஆனா தையல் நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. போன வருஷம் ஒரு பையனுக்குத் தைச்சேன். சில நாள் கழிச்சுப் பிரிஞ்சு ரத்தம் கொட்டுச்சு. மறுபடி உள்ள போனேன். காப்பாத்த முடியல. ரெண்டையும் சொல்லிட்டேன். நீங்கதான் சொல்லணும்."

என் வாயில் மறுபடியும் 'எடுத்துடுங்க' என்பதுதான் வந்து நின்றது. இன்றைக்கு நீ பிழைத்தால் போதும், நாளைக்கு வருகிறதை நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்றது மனசு. இன்னொரு பக்கம் நூறு மீட்டர் ஓடி வந்து மூச்சு வாங்க நின்ற சேவியர். நீ ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "ரிக்ஷாக்காரர அடிக்காதீங்கப்பா" என்று முனகிக்கொண்டிருந்தாய். நர்ஸ் சம்மதக் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். உன் அம்மா குறுக்கே கையை நீட்டி வாங்கினாள். "போன தடவ நீங்க போட்டீங்க. இந்தத் தடவ நான் போடறேன்" என்றாள். அதில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. அப்பா கையெழுத்துதான் வழக்கம் என்று நர்ஸ் சொன்னதற்கு, "பெத்தவ நான்" என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "தைக்க முடிஞ்சா தைங்க. கொழந்த போயிட்டா உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். என்னத்தான் சொல்லிப்பேன்" என்றாள்.

அவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்தார்கள் என்பதை அவர் பிற்பாடு பென்சிலால் படம் போட்டுக் காட்டினார். கட்டியாகிக் கிடந்த ரத்தத்தை அள்ளிப் போட்டுவிட்டு, மண்ணீரலைப் பிடித்துக்கொண்டிருந்த சவ்வுகளை விடுவித்து, காயத்தின் வாய்க்கு மேலே தூக்கியிருக்கிறார். கீழ் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பிளவு. அது கெட்டியான சதை இல்லையாம். நூலை இழுத்தால் அறுத்துக்கொண்டு வந்துவிடுமாம். "அம்மா, ஷர்ட் பட்டன் தைக்கும்போது துணி நைஞ்சு போயிருந்தா அடியில ஒட்டுத் துணி வைப்பீங்க இல்ல, அந்த மாதிரி" என்றார். குடலுக்கு முன்னால் தொங்குகிற கொழுப்புச் சவ்வில் ஒரு துண்டை மடித்துப் பிளவின் மேல் வைத்து, அதற்கு மேல் முடிச்சுப் போட்டிருக்கிறார். போட்டுவிட்டு உடனே மூடவில்லை. கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாராம்.

வெளியே எங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? சேதி கேட்டு உன் பெரியப்பா வண்டலூரிலிருந்து வந்துவிட்டார். டாக்டர் கதவைத் திறந்து வெறுங்கையோடு வந்தார். பெரியப்பா முன்னால் போய், "எங்க சார், எடுத்தத காட்டுங்க" என்றார். எதையும் எடுக்கவில்லை என்றார் டாக்டர். "ஒண்ணும் எடுக்காம எதுக்கு சார் கொழந்த வயித்தக் கிழிச்சீங்க?" என்று பெரியப்பா கத்த ஆரம்பித்தார். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் கோபப்படவில்லை. உள்ளே போனார், அதே மாதிரி எனாமல் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் நீட்டினார். கழுவிய தட்டு. அதில் ஒன்றும் இல்லை. போன முறை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட உன் அம்மா, இந்த முறை கிட்டே வந்து, குனிந்து, அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் சேவியர் போன அன்றுகூடப் பார்க்கவில்லை.

பிழைத்துவிட்டாய் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அசையக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கவும் கூடாது. ஸ்போர்ட்ஸுக்கு வைத்திருந்த ஸ்டாப்வாட்சைக் கொண்டுவந்து நான் உன் நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருநாள் நாடி ஏறியது, உன் உதடு வெளுத்தது. டாக்டர் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து உன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, திறப்பதா பொறுப்பதா என்று பார்த்தார். போன வருஷத்துப் பையன் அவர் முகத்தில் இருந்தான். உன் அம்மா கால்மாட்டில் நின்று உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று சாயந்திரத்துக்குள் நாடி தானாக இறங்கிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போதுகூட, தைத்த மண்ணீரல் எவ்வளவு வேலை செய்யும் என்று தனக்குத் தெரியாது என்றுதான் அவர் சொன்னார். லேசாக மூக்கு ஒழுகினாலும் உன்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறேன் என்று அப்பாவைக் கேலி செய்வாயே. சிரித்துக்கொள். உனக்குச் சளி பிடித்த ஒவ்வொரு நாளும் நான் உன் தொடையில் ஊதாப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி உன் அம்மாவை அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ எழுந்து நடமாட ஆரம்பித்ததும், சேவியருக்கு ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரைத் தேடிக்கொண்டு போனேன். ரிடையராகி வீட்டில் இருந்தார். நாலு கேள்வி கேட்டுவிட்டு வரவேண்டும் என்றுதான் போனேன். நடந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "நான் எத்தனையோ பிள்ளைங்களுக்கு எடுத்திருக்கேன். அவங்கள்லாம் இப்ப எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். எனக்குத் திட்ட வரவில்லை. அவர் எடுக்காமல் விட்டிருந்தால் சேவியர் அன்றைக்கே போயிருப்பான். யார் மேலும் குற்றம் இல்லை. யார் மேலாவது இருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

சரி, கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இதுதான். தழும்பை மறைக்காதே. சந்தேகம் இருந்தால் மாப்பிள்ளை வரட்டும், அந்த டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். அதற்கும் மேல் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றால் போகட்டும், அதற்காக நீ ஒரு நாள்கூட அழாதே. நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்து, விழுந்து எழுந்து வந்து இடது தோள் வலிக்கிறது என்றால் தைலப் பாட்டிலைத் தொடாதே. எந்த டாக்டர் எந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டாலும், பழசு, முடிந்துபோயிற்று என்று மட்டும் சொல்லாதே. எல்லாவற்றையும் சொல். கேட்காவிட்டாலும் சொல்.

சனிக்கிழமை நீ வந்ததும் நேரே சமையலறைக்குப் போ. உன் அம்மா அங்கேதான் இருப்பாள். அவளிடம் எதையும் விசாரிக்காதே, அவளுக்கும் சொல்ல வராது. சும்மா பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக் கொடு. 'என்னத்த எடுத்தாங்க' என்று அன்றைக்குக் கூடத்தில் உன்னைப் பற்றித்தான் கேட்டார்கள், கண்ணு. அவள் காதில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. அதை அத்தனை பேர் முன்னால் சொல்ல முடியாமல்தான் எழுந்து போனாள்.

உன்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. எடுத்ததெல்லாம் உன் அண்ணனிடம்தான்.

அப்பா